ஒரே துணியில் நாற்பது உடுப்பு

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்த நான், கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டேன் என்று வருத்தப்பட்டீர்களாம். 'மேடம் சண்டை போட்டுட்டுப் போயிட்டாங்க' என்று யாரோ சொன்னதாகவும் கேள்வி. நான் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அம்பத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டிருக்கும். என் தொண்டையைப் பற்றி உங்களுக்குத் தெரியாது, நீங்கள் எல்லாம் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

அன்று மூலையில் பள்ளிக்கூடப் பைகள் அடுக்கி வைத்திருந்தீர்கள். நீல நிறம், கெட்டித் தையல், குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு பையின் முதுகிலும் வெள்ளை எழுத்தில் ஒரு சாண் அகலத்துக்கு 'சிறைவாசிகளின் குழந்தைகள் நலத் திட்டம்' என்று அச்சடித்திருந்தீர்கள். புதியவர்களுக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா, எழுதுகிறேன். பாராட்டு வாங்கின கதை எதுவும் இதில் இல்லை. நான் செய்த தப்பு ஒன்றைத்தான் எழுதப்போகிறேன்.

எண்பதுகளின் நடுவில், சிறைவாசிகளின் குடும்பங்களுக்காக நான் வீடு வீடாக அலைந்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி, இந்த மூன்றுக்கும் இடையில் எந்தெந்த வீட்டில் அப்பனோ அம்மாவோ ஜெயிலில் இருக்கிறார்கள் என்பது போலீசுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். அப்படி ஒரு வீடு தனத்தின் வீடு. அவள் புருஷன் ஏகாம்பரம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத் ஓட்டும் டர்னர். டீக்கடை வாசலில் வாய்ச்சண்டை, பிடித்துத் தள்ளியிருக்கிறான், விழுந்தவன் மண்டை கல்லில் பட்டு இறந்துவிட்டான். ஏழு வருஷம் தண்டனை. அவன் உள்ளே போன மறுவாரமே அம்பத்தூரில் குடியிருந்த வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள்.

தனம் மகள் செல்வியோடு கோவில்பதாகையில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்குக் குடிவந்தாள். எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி பொறுக்கிப் பிரிக்கும் வேலை. செல்வி ஆவடியில் பத்தாம் வகுப்பு, பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அந்தத் தெருவுக்குச் சொன்ன கதையில் ஏகாம்பரம் பம்பாயில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன். நான் தனத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா. பொய் சொல்லலாமா என்று நான் அவளைக் கேட்டதே இல்லை. உண்மையைச் சொன்னவளுக்கு என்ன கிடைத்தது என்றுதான் நான் அம்பத்தூரில் பார்த்திருந்தேனே.

அந்த வருஷம் கிறிஸ்துமசுக்குப் பிள்ளைகளுக்குப் புது உடுப்பு கொடுக்க நன்கொடை வந்தது. துணி எடுக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வண்ணாரப்பேட்டைக்குப் போய் நாள் முழுக்க அலைந்து, ஒரே ரகமாக எடுத்தேன். கிளிப்பச்சையில் மஞ்சள் மாங்காய் போட்ட துணி. பெண்களுக்குப் பாவாடை சட்டை, பையன்களுக்கு அரைக்கைச் சட்டை, நாற்பதும் அதே துணிதான். ஒரே துணியாக இருந்தால் 'அவளுக்கு மட்டும் நல்லது, எனக்கு மட்டம்' என்று எந்தப் பிள்ளையும் முகம் சுளிக்காது, எல்லாப் பிள்ளைகளும் நமக்குச் சமம் என்று அலுவலகக் கூட்டத்தில் வாய் கிழியப் பேசினேன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒரு ஆள்கூட, ஒரே ஒரு ஆள்கூட, 'அந்தத் துணியைப் பார்த்தாலே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடாதா' என்று கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நாம் நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மூளை வேலை செய்வதை நிறுத்திவிடும் போலிருக்கிறது.

அம்பத்தூரில் ஒரு சர்ச் ஹாலில் விழா. மேடையில் பேனர், பேனரில் நம் பிள்ளைகள் யார் என்பது கொட்டை எழுத்தில். நன்கொடை கொடுத்தவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தோம். கைதட்டினார்கள். தனம் செல்வியைக் கூட்டி வரவில்லை. 'மேடையெல்லாம் வாணாம் யக்கா, யாரானா பாத்துட்டா?' என்று முன்னாலேயே சொல்லிவிட்டாள். நான் பட்டியலில் செல்வியின் பெயருக்கு எதிரே 'வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும்' என்று எழுதினேன். எழுதியபடியே கொண்டுபோயும் கொடுத்தேன். அந்தப் பெண் பாவாடையை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். பொங்கலுக்குப் போட்டுக்கொள்கிறேன் என்றாள்.

பொங்கலன்று காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவளை வீட்டுக்கார அம்மாள் பார்த்திருக்கிறார். அவர்கள் கிறிஸ்தவக் குடும்பம், வீட்டுக்காரருக்கு ஆவடியில் சர்க்கார் தொழிற்சாலையில் வேலை. அந்த அம்மாள் நம் விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். நன்கொடை கொடுத்தவர், பிள்ளைகளைப் பார்த்துக் கண் கலங்கியவர். தனத்தின் வீட்டுக்கு நான் பின்வழியாகவே போய்வந்ததால் எனக்கு அவரை அடையாளம் தெரியாது, அவருக்கும் என்னைச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த மாங்காய்த் துணியை அவர் மறக்கவில்லை.

தனத்தைக் கூப்பிட்டு, "பாவாட நல்லாகீதே, எங்க எடுத்த?" என்று கேட்டிருக்கிறார்.

"அவங்கப்பா பம்பாய்லேர்ந்து அனுப்பினாரும்மா" என்றிருக்கிறாள் தனம்.

அந்த அம்மாள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் பின்பக்கம் வந்து தணிந்த குரலில் சொன்னாராம்: "தனம், சர்ச் ஹால்ல இந்தத் துணியக் குடுத்தப்ப நானும் இருந்தேன். இந்த மாசம் முடிஞ்சதும் காலி பண்ணிடு. நான் யாராண்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எங்க ஊட்லயும் ரெண்டு பொண்ணுங்க கீதுங்க, நீயே புரிஞ்சுக்கோ."

பொங்கல் லீவு முடிந்ததும் தனம் எங்கள் அலுவலகத்துக்கு வந்து இதைச் சொன்னதும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! மேடையில் எந்தப் பிள்ளைகளைப் பார்த்து அழுதாரோ அந்தப் பிள்ளைகளில் ஒன்று தன் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறது என்றால் மட்டும் துரத்துவாராமா? தனம் 'வாணாம் யக்கா' என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டுக் கிளம்பினேன். அம்பத்தூரிலிருந்து ஆவடி போய், அங்கிருந்து பஸ் வராமல் நடந்தே போய்ச் சேர்ந்தேன். நடக்க நடக்க கோபம் ஏறியது. போய்ச் சேர்ந்தபோது தெருவில் அடிபம்பில் தண்ணீர் பிடிக்கும் நேரம்.

வாசலில் நின்று கத்தினேன். "கைதட்டும்போது இனிச்சுது, ஊட்ல வெச்சுக்கச் சொன்னா கசக்குதா? கொல பண்ணது அந்தாளு! இந்தப் பொண்ணு இன்னாம்மா பண்ணுச்சு? ஜெயிலுக்குப் போனவன் பொண்டாட்டி புள்ளைங்க தெருவுல படுக்கணுமா?"

அந்த அம்மாள் அவசர அவசரமாக வெளியே வந்து என் கையைப் பிடித்தார். "மெதுவாம்மா, மெதுவா. தெருவுல கேக்குது" என்றார். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். பம்படியில் எல்லோரும் குடத்தை அப்படியே விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் செல்வியின் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர். செல்வியும் குடத்தோடு அங்கேதான் நின்றாள்.

நான் சொன்னது நியாயம்தான். இன்றைக்கும் ஒரு வார்த்தையை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அன்று காலைவரை அந்தத் தெருவில் ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவரும் வாயை மூடிக்கொண்டிருந்தார். நான் போய் ஐந்து நிமிஷத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், அதுவும் ஜெயில் என்பதோடு கொலை என்பதையும் சேர்த்து.

என் பின்னாலேயே வந்து சேர்ந்த தனம் பின்கட்டில் என்னிடம் கேட்டாள், குரலை உயர்த்தாமல்: "யக்கா, அந்தம்மா வாய மூடிகினுதான் இருந்துச்சு. நீதான் தொறந்து உட்ட. நீ எனக்கோசரம் கத்துனியா, உனக்கோசரம் கத்துனியா?"

முப்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வியைக் கூடவே வைத்துக்கொண்டிருக்கிறேன். கோபப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், இந்த வேலையில் கோபம் வராதவன் வேறு வேலை பார்க்கப் போகட்டும். வாயைத் திறக்கும் முன்னால் தனத்தின் கேள்வியை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். நான் அன்று கத்தியது, துணி எடுத்தவள் நான் என்பதை மறைக்கத்தான். அது எனக்கு அப்போதே உள்ளுக்குள் தெரியும்.

மறுநாளிலிருந்து செல்வி பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். பக்கத்தில் உட்காரக்கூடாது என்று வகுப்புப் பெண்களுக்கு வீட்டில் சொல்லிவிட்டார்களாம். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ரெடிமேடாக ஒரு வழி வைத்திருந்தோம். எந்த வீட்டில் எந்தப் பிரச்சினை என்றாலும் 'ஹோம்ல சேத்துடலாம்' என்போம். பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதி இருந்தது. நான் விண்ணப்பத்தை நிரப்பியே எடுத்துக்கொண்டு போனேன், தனம் கைநாட்டு வைத்தால் போதும். செல்வி அதை வாங்கி முழுக்கப் படித்தாள்.

"மதில் பெருசாகீதா அங்க?" என்று கேட்டாள்.

"எல்லா விடுதியிலயும் மதில் இருக்கும்மா."

"எங்கப்பா தப்பு பண்ணாரு, உள்ள கீறாரு. நான் இன்னா பண்ணேன், என்ன எதுக்கு உள்ள போடுற?"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நான் அதை அங்கேயே கிழித்துப்போட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை. யோசித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். தனம் எனக்காகக் காத்திருக்கவில்லை. கூட வேலை செய்யும் பெண்ணிடம் சொல்லி, பட்டரவாக்கத்தில் ஒரு அறை பிடித்துவிட்டாள். மாதம் முடியும் முன்னாலேயே சாமானைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வாரம் ஏகாம்பரத்துக்கு மனு பார்க்கும் நாள். ஜெயிலில் இருப்பவரைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும், அதனால் போய்ப் பார்ப்பதற்கே மனு பார்ப்பது என்று பெயர். நானும் கூடப் போனேன். அந்தக் காலத்தில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். நம் ஆள் சொல்வதைப் பாதி உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஏகாம்பரம் கேட்டது ஒரே கேள்வி.

"பள்ளிகோடம் போறியாமா?"

செல்வி கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "போறேன்பா! தெனம் போறேன்! நல்லா படிக்கிறேன்!"

அந்த மனுஷன் சிரித்தான் பாருங்கள், எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பெண் பள்ளிக்கூட வாசலை மிதித்துக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்காரரிடம் சொன்ன பொய்யும் தெருவில் சொன்ன பொய்யும் பிழைப்புக்காகச் சொன்னவை. இந்தப் பொய்யை அவள் சொல்லும்படி ஆக்கியது நான். அன்றுதான் பைக்குள் இருந்த விடுதி விண்ணப்பத்தைக் கிழித்தேன்.

திரும்பி வரும்போது ரயிலில் செல்வி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையில் சேர்ந்து பல வருஷம் கழித்து, முதல் தடவையாக ஒரு பிள்ளையிடம், "உனக்கு என்ன செய்யணும், நீயே சொல்லு" என்று கேட்டேன்.

வில்லிவாக்கம் தாண்டும்போது, "எனுக்கு ஆனது ஆய்டுச்சு, உடு. மத்த புள்ளைங்க அதே துணியப் போட்டுகினுதானே சுத்துதுங்க? அதுங்களுக்கு இன்னா பண்ணப் போற?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீதி முப்பத்தொன்பது வீட்டை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

"திரும்ப வாங்கிடவா?"

"புதுத் துணிய எவ திருப்பிக் குடுப்பா? அதே துணி கடையில இன்னும் கீதா?"

"இருக்கும். விக்காமக் கெடந்ததுன்னுதான் எனக்கு மலிவா குடுத்தான்."

"அப்ப ஊரே அத போடட்டும். ஆவடி மார்க்கெட்ல கொண்டாந்து மலிவா வித்துடச் சொல்லு. எல்லாரும் போட்டுகினா அப்பறம் எவன் இன்னான்னு சொல்வான்?"

படித்தவர்கள் எட்டுப் பேர் கூடிப் பேசிய கூட்டத்தில் வராத யோசனை. வண்ணாரப்பேட்டைக் கடைக்காரருக்கும், நம் உடுப்புகளைத் தைத்த ஆவடி டெய்லருக்கும் பேசி முடித்தேன். கடையில் தேங்கிக் கிடந்தது மொத்தமும் வந்தது. டெய்லர் அதில் சின்னப் பாவாடை, தலையணை உறை, பையன் சட்டை என்று தைத்து மார்க்கெட்டில் தொங்கவிட்டார். கோடை வருவதற்குள் ரயில்வே குவார்ட்டர்ஸில் கொடியில் அந்த மாங்காய் காய்ந்தது, பட்டாபிராம் பஸ்ஸில் ஒரு கைக்குழந்தை அதைப் போட்டிருந்தது. கோவில்பதாகை வீட்டுக்கார அம்மாளின் சின்னப் பெண்ணே அந்தத் துணியில் பாவாடை கட்டிக்கொண்டு போனதைத் தனம் பார்த்தாளாம். வேலைக்குப் போகிற வழியில் அதைச் சொல்வதற்கென்றே அலுவலகத்துக்கு வந்து, விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்து பள்ளிக்கூடம். தலைமையாசிரியை, மற்ற பெற்றோர் புகார் சொல்கிறார்கள், டி.சி. வாங்கிக்கொண்டு தனியாகப் பரீட்சை எழுதட்டும் என்றார். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினேன். அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன், மாலைவரை. மறுநாளும் போய் உட்கார்ந்தேன். 'இன்னும் என்னம்மா வேணும்?' என்று கேட்டபோதெல்லாம், "பெண் வகுப்புக்கு வரணும் மேடம்" என்று அதையே சொன்னேன். மூன்றாம் நாள், வரட்டும், ஆனால் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரட்டும் என்றார். எனக்கு அங்கேயே அவர் மேஜையைத் தட்டவேண்டும் போலிருந்தது. செல்வி முந்திக்கொண்டு, "சரி மிஸ். கடைசி பெஞ்சுலதான் காத்து வரும்" என்றாள்.

பட்டரவாக்கத்திலிருந்து தினம் ரயிலில் வந்து படித்தாள். பரீட்சை எழுதினாள். கணக்கில் பெயில்.

"நான் வராத நாளுங்கள்ல இன்னா நடத்துனாங்களோ அதுதான் மொத்தமா வந்துச்சு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். அடுத்த தடவை எழுதிப் பாஸ் செய்துவிட்டாள். தொண்ணூறுகளில் அம்பத்தூரில் ஒரு ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தாள், அப்பனும் வெளியே வந்து கூடவே இருந்தான். நல்லபடியாக முடிந்ததே என்று நினைக்காதீர்கள். அந்தப் பெண் வகுப்பில் முதல் ஐந்துக்குள் வருபவள். நர்சிங் படிக்க ஆசைப்பட்டவள், ஆசைப்பட்ட வருஷத்தில் கையில் பெயில் ஆன சர்ட்டிபிகேட்டோடு நின்றாள். அந்த வருஷத்தை நான் தின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, எந்த ரிப்போர்ட்டிலும் வரவில்லை. விழா ரிப்போர்ட்டில் 'நாற்பது குழந்தைகளுக்குப் புத்தாடை' என்றுதான் இருக்கிறது.

இப்போது உங்கள் பைகளுக்கு வருகிறேன். திட்டத்தின் பெயர் இல்லாவிட்டால் நன்கொடை கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று உங்கள் பொறுப்பாளர் சொன்னார். கோபித்துக்கொள்ளட்டும். பெயர் போட ஆசையிருந்தால் உங்கள் அலுவலக வாசலில் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் ஜீப்பில் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் முதுகில் போட்டுக்கொண்டு ஆவடி மார்க்கெட்டில் ஒரு சுற்று வாருங்கள். பிள்ளையின் முதுகில் போடாதீர்கள். அந்த எழுத்தைச் சுரண்டினால் போகும், ஒரு பையில் சுரண்டிப் பார்த்துவிட்டேன். எல்லோருமாக உட்கார்ந்தால் அரை நாள் வேலை.

எந்தப் பையில் என்று கேட்பீர்கள். மேஜைமேல் உங்கள் பட்டியல் கிடந்தது. விழாவுக்கு வரப்போகும் பிள்ளைகளின் பெயர்களுக்கு எதிரே வரிசையாக டிக் போட்டிருந்தீர்கள். ஒரு பெயருக்கு மட்டும் டிக் இல்லை. அந்தத் தாய் விழாவுக்குப் பிள்ளையை அழைத்து வர மறுத்துவிட்டாள் போலிருக்கிறது. அந்தப் பெயருக்கு எதிரே உங்களில் யாரோ அழகான கையெழுத்தில், 'வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவும்' என்று எழுதியிருந்தீர்கள்.

அதனால்தான் டீ குடிக்கவில்லை. பைகளை எண்ணிப் பார்த்து ஒன்று குறைகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறீர்களாம். தேடவேண்டாம், அந்தப் பிள்ளைக்கான பையைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன், அது என் வீட்டில் இருக்கிறது. நீங்கள் மற்றப் பைகளிலும் எழுத்தைச் சுரண்டி முடிக்கும் வரை யார் வந்து கேட்டாலும் தரமாட்டேன்.